மண் துளைக்கும் டிறிலும் விசைத் திருப்பமும்

மாத்தளை மாவட்டத்தில் மிளகுக் கொடி படர்வதற்குக் கிளிசிறிடியாத் தடிகள் நடப்படுவதைக் கண்டிருப்பீர்கள். பற்றரியில் இயங்கும் டிறிலில் மண் துளைக்கும் திருகைப் பொருத்தியும் அதற்கான குழியைத் தோண்டலாம். கனடாவில் உறைந்த ஏரிகளில் மீன்பிடிப்போர் சிலர் பனிக்கட்டியைத் துளைப்பதும் இவ்வாறே.

இத்தகைய டிறில்களில் பொதுவாக 1, 2 என இரு கியர்கள் உண்டு. வலு மாறாதபோது சுழற்சிக் கதி குறைந்தால் திருப்பம் கூடும். அகன்ற திருகுக்குக் கூடிய திருப்பம் தேவை. ஆகவே கியர் 1ஐத் தெரிவுசெய்க.

திருகு வேரில் சிக்கினால், டிறில் எதிர்த்திசையில் சுழன்று உங்கள் மணிக்கட்டை முறுக்கும். இது நியூற்றனின் மூன்றாம் விதியின் விளைவாகும்.

உதாரணம்:
டிறிலின் திருப்பம் 40 நியூற்றன் மீற்றர் எனக் கொள்வோம். அதைத் தடுத்து நிறுத்தத் தேவையான விசை யாது?

விசை = திருப்பம் ÷ செங்குத்துத் தூரம்
அச்சிலிருந்து 0.1 மீற்றரில் பிடித்தால்: 40 ÷ 0.1 = 400 நியூற்றன்
0.4 மீற்றரில் பக்கக் கைபிடியைப் பிடித்தால்: 40 ÷ 0.4 = 100 நியூற்றன்

400 நியூற்றன் என்பது ஏறத்தாழ 40 கிலோகிராம் திணிவின் நிறையாகும். கை தாங்காது!

நினைவிற் கொள்க: பக்கக் கைபிடியின்றி மண்ணைத் துளைக்க வேண்டாம். விடையில் அலகை எழுதவும் மறவாதீர்கள்.