குத்தகை நிலமும் கர்னல் பேஜும்

கல்வராயன் மலையில மரவள்ளி போடுறவங்களுக்கு இது தெரியும். குத்தகை நிலத்துல கிழங்கு நிற்கும்போது, சொந்தக்காரரே ஆனாலும் உள்ளே ஏர் ஓட்ட முடியாது. நிலம் யார் பேர்ல இருக்கு என்பது ஒரு கேள்வி. அதுல இப்ப யாரோட பயிர் நிற்குது என்பது வேற கேள்வி. லினக்ஸ் கர்னல் பல வருஷமா முதல் கேள்விக்கு மட்டும்தான் கணக்கு வைத்திருந்தது. அதனால் வந்த சிக்கலைப் பற்றிய குறிப்பு இது.

கர்னல் மெமரியைப் பேஜ்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பேஜ் பொதுவாக 4096 பைட். அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பேஜுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. அது பூஜ்ஜியம் ஆனால்தான் பேஜ் வேறு வேலைக்குப் போகும்.

நெட்வொர்க் கார்டு போன்ற சாதனங்கள் சிபியு வழியாக வராமல் நேரடியாக மெமரியில் எழுதும். இதுதான் டிஎம்ஏ. ஒரு புரோகிராமின் பேஜில் அப்படி எழுத, டிரைவர் ‘கெட்_யூசர்_பேஜஸ்’ மூலம் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும், முடிந்ததும் குறைக்கும். குறைக்க மறந்தால் அந்த மெமரி திரும்பாது. அவசரப்பட்டுக் குறைத்தால், வேறொருவர் கைக்குப் போன பேஜில் சாதனம் எழுதிக்கொண்டிருக்கும்.

ரெண்டையும் சரியாச் செஞ்சாலும் ஆபத்து போகல. அந்தப் பேஜ் ஒரு ஃபைலுக்குச் சொந்தமானது என்று வையுங்கள். ஃபைல் சிஸ்டம் அதை டிஸ்க்கில் எழுதிவிட்டு, ‘இனி மாற்றம் இல்லை’ என்று குறித்துக்கொள்ளும். சாதனமோ அதற்குப் பிறகும் எழுதும். கடைசியில் டிரைவர் வந்து ‘இது மாறியிருக்கு’ன்னு சொல்லும்போது ஃபைல் சிஸ்டம் தயாராக இருக்காது. தரவு கெடலாம், கர்னலே விழலாம். எண்ணிக்கை பேஜைக் காப்பாத்துச்சு. உள்ளே இருந்த தரவைக் காப்பாத்தல.

2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் ஜான் ஹப்பர்டின் ‘பின்_யூசர்_பேஜஸ்’ சேர்ந்தது. சாதாரண ஒற்றைப் பேஜ் என்றால் இது ஒன்றுக்குப் பதில் 1024 கூட்டும். அந்த அளவு எண்ணிக்கையைப் பார்த்தால், ‘இதில் சாதனம் வேலை செய்யலாம்’ என்று மற்ற பகுதிகள் புரிந்துகொள்ளும். 1024 பேர் சாதாரணமாகப் பிடித்திருந்தாலும் அதே எண் வருமே? வரும். ஆனா வெறும் நிலத்துல பயிர் இருக்குன்னு நினைச்சா கொஞ்சம் வேலைதான் கூடும். பயிரை இல்லைன்னு நினைச்சு உழுதா எல்லாமே போச்சு.

வேலி கட்டினா மட்டும் போதாது, வர்றவங்க அதை மதிக்கணும். அதே வருடம் 5.9 பதிப்பில், ஒரு புரோகிராம் ஃபோர்க் ஆகும்போது, இப்படிப் பிடித்த பேஜைப் பகிராமல் குழந்தைக்கு உடனே நகல் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023இல் வந்த 6.5, எழுதுவதற்காக ஃபைல் பேஜ்களை நீண்ட காலம் பிடித்துவைக்கும் கோரிக்கைகளில் பலவற்றை மறுத்தே விட்டது.

டிரைவர் எழுதுறவங்க மனசுல வைக்க வேண்டிய வரிசை இதுதான்: முதல்ல சாதனத்தை நிறுத்துங்க, அப்புறம் டிஎம்ஏ இணைப்பை எடுங்க, மாறிய பேஜை மாறியதாகக் குறிங்க, கடைசியாத்தான் விடுங்க. கிழங்கைப் பிடுங்கி முடிச்ச பிறகுதானே நிலத்தை ஒப்படைப்போம்?