அடுத்த குடியரசுத் தலைவர் யார்?

ஒரு சனிக்கிழமை இரவு. எங்கள் டில்லி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் உணவு முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "அடுத்த குடியரசுத் தலைவர் யார்?" என்ற பேச்சை யாரோ கிளப்பிவிட்டார்கள். உடனே நோட்டிலிருந்து ஒரு தாள் கிழிக்கப்பட்டது. அரை மணி நேரத்தில் பதினொரு பெயர்கள் சேர்ந்துவிட்டன. முன்னாள் முதலமைச்சர்கள் இருந்தார்கள்; ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார்; விளையாட்டு வீரர் ஒருவரும் திரைப்பட நடிகர் ஒருவரும்கூட இருந்தார்கள். தோற்றவர்கள் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தரவேண்டும் என்பது பந்தயம். அரசியல் பாடம் படிக்கிறவன் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பதை விளக்கவே இக்கட்டுரை.

திருமதி திரௌபதி முர்மு 2022 ஜூலை 25ஆம் நாள் பதவியேற்றார். ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூலையில் நிறைவுறும். அதற்கு முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. ஆகவே ஊகங்கள் எழுவது இயல்பே. ஆனால் இந்த ஊகங்களின் பழைய வரலாற்றைப் பார்த்தால் சற்று அடக்கம் வரும்.

கரோல்பாக்கில் குடியிருக்கும் என் பெரியப்பா, சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வார்: "நாலு பேர் வாயில் அடிபட்ட பெயர் அந்த மாளிகைக்குப் போகாதுடா." இதை வேடிக்கையாகவே கேட்டு வந்தேன். பிறகு ஆண்டு ஆண்டாகப் புரட்டிப் பார்த்தபோது பெரியப்பாவின் சொல்லில் உண்மை இருப்பது விளங்கிற்று.

2002இல் மகாராஷ்டிர ஆளுநர் பி. சி. அலெக்சாந்தரின் பெயர் பலமாக அடிபட்டது. துணைக் குடியரசுத் தலைவர் கிருஷ்ண காந்தின் பெயரும் வந்தது. ஜூன் 10ஆம் நாள் அறிவிக்கப்பட்ட பெயரோ, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த அப்துல் கலாமுடையது. 2007இல் சிவராஜ் பாட்டீல் என்றார்கள், இடதுசாரிகள் இசையவில்லை. ஜூன் 14ஆம் நாள் வந்த பெயர், இராஜஸ்தான் ஆளுநராக இருந்த பிரதிபா பாட்டீலுடையது. 2012இல் இரு பெரிய கட்சித் தலைவர்கள் கலாம், மன்மோகன் சிங், சோம்நாத் சட்டர்ஜி என்ற மூன்று பெயர்களைப் பகிரங்கமாகவே சொன்னார்கள். இரண்டே நாளில் பிரணாப் முகர்ஜி வேட்பாளரானார். 2017இல் அத்வானி, சுஷ்மா சுவராஜ் என்று பேச்சு. ஜூன் 19ஆம் நாள் பீகார் ஆளுநர் ராம்நாத் கோவிந்த் என்ற அறிவிப்பு. 2022இல் எதிர்க்கட்சிகள் சரத் பவார், ஃபரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி ஆகிய மூவரை ஒருவர்பின் ஒருவராக அணுகின, மூவரும் மறுத்துவிட்டார்கள். முர்முவின் பெயர் ஜூன் 21ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அவர் பெயரும் 2017இலேயே ஊகங்களில் வந்து, அம்முறை நழுவிய பெயர்தான்.

ஐந்து தேர்தலிலும் முடிவு ஜூன் மாதத்தில்தான் வெளிவந்திருக்கிறது. அதுவரை எழுதப்படுவது பெரும்பாலும் சாப்பாட்டுக் கூடத்துத் தாளே.

நிற்க. ஊகம் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. பெயரை ஊகிப்பதைக் காட்டிலும் வாசலை ஊகிப்பது மேல் என்பதே என் கருத்து. அந்த மாளிகைக்குள் இதுவரை போனவர்கள் எந்த வாசல் வழியாகப் போனார்கள்?

முதலாவது, துணைத் தலைவர் என்னும் வாசல். டாக்டர் இராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், வி. வி. கிரி, ஆர். வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே. ஆர். நாராயணன் ஆகிய அறுவர் இவ்வழியே சென்றனர். ஆனால் 1997க்குப் பின் 2022 வரை நடந்த ஐந்து தேர்தல்களில் இவ்வாசல் ஒருமுறையும் திறக்கவில்லை. 2007இல் துணைத் தலைவர் பைரோன் சிங் செகாவத் போட்டியிட்டுத் தோற்றார். 2025 செப்டம்பரில் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் திருப்பூரைச் சேர்ந்த சி. பி. இராதாகிருஷ்ணன். நம்மவர் என்ற ஆசையில் அவர் பெயரை முதலில் எழுதியவர் எங்கள் சங்கத்து நண்பர் ஒருவரே. ஆசை தவறன்று, ஆனால் இருபத்தைந்து ஆண்டாகப் பூட்டிக் கிடந்த வாசல் அது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஆளுநர் மாளிகை வாசல். பிரதிபா பாட்டீலும் கோவிந்தும் ஆளுநர்களாக இருந்தபோதே அழைக்கப்பட்டவர்கள். முர்மு அதற்கு முந்திய ஆண்டு வரை ஜார்க்கண்ட் ஆளுநர். அண்மைக் காலத்தில் அதிகமாகத் திறந்த வாசல் இதுவே. மூன்றாவது, கட்சி அரசியலுக்கு வெளியே உள்ள அறிஞர் வாசல். கலாம் ஒருவர் பொருட்டு அகலத் திறந்தது. 1967இல் தலைமை நீதிபதிப் பதவியை விட்டு வந்து போட்டியிட்ட சுப்பா ராவுக்குத் திறக்கவில்லை. நான்காவது, இருப்பவரே மீண்டும் இருத்தல். சட்டத்தில் தடையில்லை. எனினும் இராஜேந்திர பிரசாத் ஒருவரே மறுமுறையும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

வாசலைத் திறக்கும் சாவி யாரிடம்? வாக்குகளைக் கையில் வைத்திருப்பவர்களிடம். இங்கேதான் கணக்கு வருகிறது.

குடியரசுத் தலைவரை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டசபைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். டில்லி, புதுச்சேரி சட்டசபை உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு. நியமன உறுப்பினர்களுக்கு இல்லை. ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள் தொகையைச் சட்டசபை உறுப்பினர் தொகையால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்புக் கிடைக்கும். உத்தரப்பிரதேச உறுப்பினருக்கு 208. தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 176. பீகார் உறுப்பினருக்கு 173. நாங்கள் தங்கியிருக்கும் இந்த டில்லியின் உறுப்பினருக்கு 58. சிக்கிம் உறுப்பினருக்கு 7. சட்டசபைகளின் மொத்த மதிப்பும் பாராளுமன்றத்தின் மொத்த மதிப்பும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்படி பாராளுமன்ற உறுப்பினரின் மதிப்பு கணக்கிடப்படும். 2022இல் அது 700. அவ்வாண்டு மொத்த மதிப்பு 10,86,431. முர்மு 6,76,803 பெற்றார். எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்கா 3,80,177 பெற்றார்.

இத்தேர்தலில் கட்சிக் கொறடாவின் கட்டளை செல்லாது; வாக்கு இரகசியமானது. இதன் வலிமையை 1969 காட்டிற்று. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தியோ மனச்சாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். முதல் விருப்ப வாக்குகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் விருப்பங்களையும் சேர்த்து எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அன்று தோற்ற அதே ரெட்டி 1977இல் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிபட்டுத் தோற்ற பெயரும் ஒருநாள் மாளிகை சேரலாம் என்று பெரியப்பாவுக்கு நான் சொல்லும் பதில் இது.

ஆகவே 2027ஐ ஊகிக்க விரும்புகிறவர் பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டுச் சட்டசபைகளைப் பார்க்கவேண்டும். உத்தரப்பிரதேசச் சட்டசபையின் காலம் 2027 மே மாதத்தில் முடிகிறது. ஆகவே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப்போவது புதிய சபை. அதன் 403 உறுப்பினர்களின் மொத்த மதிப்பு 83,824. ஓர் அணியிடம் பெரும்பான்மை தாராளமாக இருந்தால் அது தன் விருப்பம்போல் வேட்பாளரைத் தேர்ந்துகொள்ளும். குறைவாக இருந்தால் மற்றக் கட்சிகளும் மறுக்க முடியாத ஒருவரைத் தேடும். கலாம் என்ற பெயருக்கு 2002இல் இருந்த பலம் அதுதான். எதிர்க்கட்சியாக இருந்த காங்கிரசும் அவரை ஆதரித்தது.

இவ்வளவையும் அந்தத் தாளின் பின்புறத்தில் எழுதி, மறுநாள் நண்பர்களிடம் காட்டினேன். அங்கேதான் நான் எதிர்பாராத வாதம் பிறந்தது.

பீகாரைச் சேர்ந்த நண்பன் ஒருவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "தமிழ்நாட்டுக்கு 176, எங்களுக்கு 173. உங்களைவிட நாங்கள் தொகையில் குறைந்தவர்களா? எந்த ஆண்டுக் கணக்கு இது?" என்று கேட்டான்.

"1971" என்றேன்.

உண்மை அதுதான். 1976இல் வந்த 42ஆவது திருத்தம் வாக்கு மதிப்புக்கு 1971ஆம் ஆண்டுக் கணக்கையே நிலைநிறுத்தியது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் தொகை வெளியாகும் வரை அதை நீட்டியது. 2011ஆம் ஆண்டுத் தொகையை வைத்துக் கணக்கிட்டால் பீகார் உறுப்பினரின் மதிப்பு 428. தமிழ்நாட்டு உறுப்பினருடையது 308. சட்டசபைகளின் மொத்த மதிப்பில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஏழரையிலிருந்து ஏறக்குறைய ஆறுக்கு இறங்கும்.

"1971க்குப் பிறகு பிறந்த என் அண்ணனும் தங்கையும் நானும் இந்த நாட்டின் கணக்கில் இல்லையா?" என்றான் அவன்.

"சிறு குடும்பம் வேண்டும் என்று நாடு சொன்னதைக் கேட்டு நடந்தவர்களின் குரலைக் குறைப்பது நியாயமா?" என்றேன் நான்.

இருவரும் சற்று உரக்கவே பேசினோம். பிறகு எனக்கு ஒன்று தோன்றிற்று: அந்தக் கணக்கில் நானும் இல்லை. மேஜையைச் சுற்றி இருந்த ஒருவரும் இல்லை. நாங்கள் பிறப்பதற்கு முன் எண்ணப்பட்ட மக்களின் பெயரால்தான் எங்கள் குடியரசுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார். இதைச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். ஆனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஆளுக்கு ஒரு கணக்கு என்பதும் நீதி. நல்லது செய்தவனைத் தண்டிக்காதே என்பதும் நீதி. இரண்டையும் ஒரு வகுத்தல் கணக்கில் அடக்க முடியாது. பழைய தொகையை விலக்கிப் புதிய தொகையை வைக்கும் நாளில், இந்த இரு நீதிகளையும் எப்படி இணைப்பது என்பதை நம் தலைமுறைதான் பேசித் தீர்க்கவேண்டும். பீகாரும் தமிழ்நாடும் ஒரே மேஜையில் உண்ணும் இடங்களில் அந்தப் பேச்சைத் தொடங்குவது நலம்.

வாசக நண்பர்களே, 2027 ஜூன் மாதத்தில் ஒரு பெயர் வரும். அது நம் தாளிலுள்ள பதினொன்றில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யார் என்று கேட்பதோடு, எவருடைய வாக்கால், எந்தக் கணக்கால் என்றும் கேளுங்கள். பந்தயத்தில் நான் சேரவில்லை. ஆயினும் அன்று தேநீர்ச் செலவு என்னுடையது என்று பீகார் நண்பனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்குக்கு மதிப்பு என்ன என்று அவன் இன்னும் கேட்கவில்லை.