தீப்பெட்டி வண்டி வந்த அதே நேரத்தில்

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துக் கிராமங்களில் காலை ஐந்தரை மணிக்கு டீக்கடைக்கும் கோயிலுக்கும் அடுத்தபடியாக விளக்கு எரிவது பள்ளிக்கூடத்துச் சமையலறையில்தான். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் வந்து கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். ஒருபக்கம் ரவை வறுபடுகிறது. இன்னொரு பக்கம் பருப்பு வேகிறது, சாம்பாருக்குக் காய் நறுக்குகிறார்கள். எட்டு மணி தாண்டியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தட்டைக் கழுவிக்கொண்டு உட்காருகிறார்கள். முதல் மணி அடிப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிடுகிறது.

இந்த ஐந்தரை மணியைப் பற்றித்தான் எழுத வேண்டும். இந்தக் கரிசல் மண்ணில் அந்த நேரத்துக்கு வேறொரு நினைவு உண்டு.

நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே ஹாரன் சத்தம் கேட்கும். தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. தொழிற்சாலையை இந்தப் பக்கத்து மக்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். "ஏட்டி, எந்தி, வண்டி வந்துட்டு" என்று ஆத்தாமார் உலுக்கி எழுப்ப, பாதித் தூக்கத்தில் தூக்குவாளியோடு பிள்ளைகள் வண்டியில் ஏறுவார்கள். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். கட்டையில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள்தான் வேகம் என்று பெரியவர்கள் நம்பினார்கள். கூலி கட்டைக்கு இவ்வளவு, குரோசுக்கு இவ்வளவு என்று கணக்கு. 1980-களில் வந்த ஆய்வுகள் சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சுமார் 45,000 குழந்தைகள் இருப்பதாகச் சொல்லின. 1990-இல் சலம் பென்னுரகர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வண்டிகள் மறக்காது.

வானம் பார்த்த பூமி இது. உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய் எல்லாமே மழையை நம்பித்தான். இப்போது மக்காச்சோளமும் சேர்ந்துகொண்டது. மழை பொய்த்த வருடத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொரு கையும் காசு கொண்டுவர வேண்டும் என்ற நிலை. பிள்ளையை வண்டியில் ஏற்றிய தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வண்டி நின்றதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள். குச்சி அடுக்க இயந்திரம் வந்தது. இவற்றோடு, பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு உண்டு என்ற உறுதியும் இருந்தது. சட்டம் ஆபீஸ் கதவை அடைத்தது என்றால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் உட்காரவைத்தது சோறுதான்.

அந்தச் சோற்றின் கதையும் இந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது. முதலமைச்சர் காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர், பாரதி பிறந்த எட்டயபுரம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். மு. கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை சேர்ந்தது. கட்சி மாறினாலும் எந்த ஆட்சியும் அந்தத் தட்டைப் பிடுங்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் நான் மனதாரப் பெருமைப்படும் விஷயங்களில் இது முதல் வரிசையில் இருக்கும்.

ஆனால் மத்தியானச் சோறு வரும்வரை பிள்ளை என்ன செய்யும்?

கிராமப் பள்ளியில் வேலை பார்த்த எந்த டீச்சரைக் கேட்டாலும் இதற்குப் பதில் தெரியும். திங்கட்கிழமை பிரேயரில் மயங்கி விழும் பிள்ளை. பத்து மணிக்கு "வயிறு வலிக்கு டீச்சர்" என்று வரும் பிள்ளை. அது நோய் இல்லை, பசி. அப்பா விசைத்தறி ஷெட்டுக்குப் போயிருப்பார். அம்மா களையெடுக்கவோ பூப்பறிக்கவோ விடியலிலேயே காட்டுக்குக் கிளம்பியிருப்பாள். வீட்டில் பழையது இருந்தால் சரி, இல்லாவிட்டால் கட்டங்காப்பிதான். பிள்ளை சோம்பேறி, படிப்பில் நாட்டமில்லை என்று நாம் எழுதிவைத்த எத்தனையோ மதிப்பீடுகளுக்குப் பின்னால் வெறும் வயிறு இருந்திருக்கிறது.

2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிவைத்தார். முதலில் 1,545 அரசுப் பள்ளிகள், 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகள். மறுவருடம் ஆகஸ்ட் 25-இல், திருக்குவளையில் கருணாநிதி படித்த பள்ளியிலிருந்து, மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளை ஒன்றுக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ சிறுதானியமோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய்கறி என்று அளவு வகுத்திருக்கிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று.

சமைக்கும் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில் ஒன்று என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. சுயஉதவிக் குழு உறுப்பினராக இருக்க வேண்டும், அதே ஊரில் குடியிருக்க வேண்டும் என்பவற்றோடு, அவர் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். தன் பிள்ளை உண்ணப்போகும் சாம்பாரில் எந்தத் தாயும் தண்ணீரைக் கூட்டமாட்டாள். எத்தனை பேர் கண்காணித்தாலும் இதற்கு ஈடாகாது. வீட்டில் இன்னும் உலை வைத்திருக்காத நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு உலை வைக்கிற அந்தப் பெண்களின் ஊதியம் அவர்கள் உழைப்புக்குச் சமமாக இல்லை. அதைக் கூட்டித் தர வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு மாநிலத் திட்டக் குழு ஒரு கணக்குக் கொடுத்தது. முதல் கட்டத்தில் ஆராய்ந்த 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. தெலங்கானா அரசு 2023 அக்டோபரில் தன் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியது. அமெரிக்கா 1966-இல் பள்ளிக் காலை உணவைச் சோதனையாக ஆரம்பித்தபோது, ஏழைப் பகுதிகளையும் பிள்ளைகள் நெடுந்தூரம் பயணம் செய்து வரும் பகுதிகளையும்தான் முதலில் எடுத்துக்கொண்டது. காட்டுவழியில் நடந்தும் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தும் பள்ளி சேரும் நம் கரிசல் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு காரணமும் பொருந்தும்.

தென்மாவட்டங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் அரசு உதவிபெறும் பள்ளிகள் அதிகம். மிஷனரிகள் காலத்திலிருந்து நடக்கும் டி.டி.டி.ஏ. பள்ளிகள், ஆர்.சி. பள்ளிகள், ஊர்ப் பெரியவர்கள் தொடங்கிய இந்துத் தொடக்கப் பள்ளிகள் என்று எங்கு பார்த்தாலும் இருக்கும். 2023 விரிவாக்கத்தில் இவை சேரவில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் காலையில் பொங்கல், பக்கத்துத் தெரு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒரே கூலிக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள். 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில், இந்தக் குறை தீரத் தொடங்கியது. ஊரகப் பகுதிகளில் உள்ள 3,995 உதவிபெறும் பள்ளிகளுக்குத் திட்டம் போனது. 2025 ஆகஸ்ட் 26 முதல் நகரப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்து, 20 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் காலையில் பள்ளியில் சாப்பிடுகிறார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, நெஞ்சைக் குத்தும் ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

மதுரையில் திட்டம் தொடங்கிய அதே வாரம், 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் தின்பண்டம் வாங்க ஒரு பெட்டிக்கடைக்குப் போனார்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகள். ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்கு எதுவும் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொல்லித் திருப்பியனுப்பினார். அந்த வீடியோவை நாடே பார்த்தது. கட்டுப்பாடு என்றால் என்னவென்று புரியாமல் நின்ற அந்தப் பிஞ்சு முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. கடைக்குச் சீல் வைத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது. வழக்கில் சிக்கியவர்கள் ஊருக்குள் நுழையக் கூடாது என்று தடையும் வந்தது. இந்த வட்டாரத்துக்கு இப்படியொரு தடை புதிது.

ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி என்ற கிராமத்தில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுத்தார்கள். காமராஜர் முதல் தட்டைக் கொடுத்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில்! கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் அதிகாரிகளும் நேரில் போய், அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். பேச்சுக்குப் பின் பிள்ளைகள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆகவே ஒரு பள்ளியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, எந்தத் தெருப் பெண் சமைத்ததையும் முகம் சுளிக்காமல் உண்டு எழுகிறார்கள் என்றால், இந்தச் சீமையில் அது சாதாரணக் காரியம் இல்லை. பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டை மாவட்டவாரியாக வரிசைப்படுத்திப் பத்திரிகைகளில் போடுகிறோம். மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துப் பள்ளிகளின் சாதனை எதுவென்று என்னைக் கேட்டால், அந்த வரிசையைவிடத் தரையில் உட்காரும் இந்த வரிசையைத்தான் காட்டுவேன்.

வயிறு நிறைந்த பிள்ளைக்குப் படிப்பு ஒட்டுகிறது. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் திரும்பப் பிடிக்க, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பயிற்சி நூல். பாட்டும் பொம்மலாட்டமுமாகக் கீழ்வகுப்புகள் இப்போது சத்தமாக இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. சுருக்கமாக என்.எம்.எம்.எஸ். இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிடம். தேறித் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு வருடம், மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடம். டியூஷன் வாடையே இல்லாத ஒரு நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை இதில் தேறினால், அதன் பின்னால் மாலை ஐந்தரை மணிவரை கூட உட்கார்ந்த ஓர் ஆசிரியர் இருப்பார். ஊர் அவருக்கு ஒரு துண்டாவது போர்த்த வேண்டும்.

அதன் பிறகு கல்லூரி. மேலநீலிதநல்லூரிலேயே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது; 2022 செப்டம்பரிலிருந்து இது நடக்கிறது. விடிகாலையில் தீப்பெட்டி வண்டி ஏறிய பெண்ணின் பேத்தி, காலை எட்டு மணிக்குக் கல்லூரிப் பஸ் ஏறுகிறாள்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. 2025 விரிவாக்கத்திலும் அந்த எல்லை நகரவில்லை. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். ஐந்தாம் வகுப்புத் தங்கை தட்டோடு உட்கார்ந்திருக்க, ஏழாம் வகுப்பு அக்கா தூணோரம் நின்று அவளுக்காகக் காத்திருக்கிறாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே வெறும் வயிற்றோடு வந்தவர்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி விட்டுப்போகுமா? பெண் பிள்ளைகள் வயதுக்கு வரும் பருவம் அது. உடம்பு அதிகம் கேட்பதும் இரத்தசோகை பிடிப்பதும் அப்போதுதான். அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, சமைக்கும் கைகள் இருக்கின்றன. கூடுதல் செலவு அரிசிக்கும் பருப்புக்கும்தான், கூட வேலை செய்யும் பெண்களின் கூலிக்கும்.

உதவிபெறும் பள்ளிகள் விடுபட்டபோதும் கேட்டுக் கேட்டுத்தான் கிடைத்தது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்களை அழைக்கும்போது வேலையைக் காரணம் சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். எட்டாம் வகுப்புவரை காலை உணவு வேண்டும் என்று ஒரு வரித் தீர்மானம் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.