தெளிந்த நீரும் தூய நீரும்

தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. சிச்லிட் இன மீன்களைத் தொட்டியில் வளர்ப்போர் இதனை முதலில் உணர்தல் வேண்டும். 1952-இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் இவ்வினத்ததே. இவை மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிப்பவை. அக்கழிவில் பிறக்கும் அமோனியா கண்ணுக்குப் புலப்படாது, மீனையோ கொன்றுவிடும். அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுபவை வடிகட்டியினுள் வாழும் பற்றீரியாக்களே.

ஆதலால், தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டியைக் குறைந்த விலையில் வாங்க விழைவோர், பெட்டியில் அச்சிட்ட நீரோட்ட அளவை மட்டும் நம்பலாகாது. பஞ்சு அடைந்ததும் அவ்வோட்டம் குறைந்துவிடும். 200 லீற்றர் தொட்டிக்கு மணிக்கு 1,000 லீற்றர் ஓட்டம் போதுமானது. பஞ்சும் நுண்துளைக் கற்களும் வைக்க உள்ளே இடம் உண்டா, மூடி ஒழுகாது பொருந்துகிறதா, மாற்று இறப்பர் வளையம் கடையில் கிடைக்குமா என்று ஆராய்ந்தே பணம் கொடுத்தல் நன்று.

ராகலை போன்ற குளிர்ந்த ஊர்களில் நீரை 25 பாகை செல்சியஸ் அளவில் வைக்கச் சூடாக்கியும் தேவை. குளிரில் மீனும் வாடும், பற்றீரியாவும் மந்தமடையும். மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டால், மூடிய கலத்தில் ஒட்சிசன் அற்று அவை மடியும். அப்போது உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டே மீண்டும் இயக்குதல் வேண்டும். பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.