தோட்டா நேராகப் போகுமா?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எறிபொருளின் இயக்கம் தொடங்கும்போது மாணவர்களிடம் ஒரு படம் வரையச் சொல்வேன். இடப்பக்கம் ஒரு துப்பாக்கி, வலப்பக்கம் இலக்கு அட்டை. தோட்டா செல்லும் பாதையை வரைய வேண்டும். பெரும்பாலோர் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டுவிடுவார்கள். பந்து வளைந்து விழும் என்று அறிந்த பிள்ளைகள்தான். ஆனால் தோட்டா அதிவேகமாகப் போவதால் ஈர்ப்புவிசை அதைத் தொடாது என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத் திருத்த, குறிபார்த்துச் சுடும் விளையாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேறொரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விளையாட்டு அறிமுகம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் வெண்கலம் வென்றார். மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில் சுட வேண்டிய போட்டி அது. அதில் பயன்படுவது .22 எனப்படும் சிறுகுழல் துப்பாக்கி. குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. என்.சி.சி. மாணவர்கள் 25 மீட்டர் தூரத்தில் சுட்டுப் பழகுவதும் .22 துப்பாக்கியில்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதே தோட்டாவைக் கொண்டு 100 கெஜம், அதற்கும் மேலான தூரங்களிலும் போட்டி நடத்துகிறார்கள்.

புதுக்கோட்டை என்றதும் பிரித்விராஜ் தொண்டைமான் பெயரை மாணவர்கள் சொல்லக்கூடும். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த அவர், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023 அக்டோபரில் தங்கம் வென்ற இந்திய டிராப் அணியில் இடம்பெற்றவர். பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். அவருடைய பிரிவு வேறு. பறக்கும் களிமண் தட்டை, சிறு ஈயக் குண்டுகள் பல சிதறிப் பாயும் துப்பாக்கியால் சுடுவது அது. நாம் பார்க்கப்போவது ஒற்றைத் தோட்டாவின் கணக்கு.

முதல் படி: எவ்வளவு கீழே விழும்?

போட்டிக்கான .22 தோட்டாவின் எடை சுமார் 2.6 கிராம். குழலைவிட்டு வெளியேறும் வேகம் ஏறத்தாழ வினாடிக்கு 330 மீட்டர். குழல் கிடைமட்டமாக இருப்பதாகவும் காற்றுத்தடை இல்லை எனவும் முதலில் வைத்துக்கொள்வோம். விழும் தூரம் = ½ × ஈர்ப்பு முடுக்கம் × நேரத்தின் இருமடி. மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.

50 மீட்டர்: 0.15 வினாடி, 11 சென்டிமீட்டர்.
100 மீட்டர்: 0.30 வினாடி, 45 சென்டிமீட்டர்.
200 மீட்டர்: 0.61 வினாடி, 1.8 மீட்டர்.

தூரம் இருமடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்காகிறது. காற்றுத்தடையைச் சேர்த்தால் வீழ்ச்சி இன்னும் கூடும். 50 மீட்டரிலேயே 11 சென்டிமீட்டர் விழும் தோட்டா, ஒரு சென்டிமீட்டர் வட்டத்தில் எப்படிப் படுகிறது? குறிக்கருவியைத் திருகிச் சரிசெய்யும்போது, கண் இலக்கை நேராகப் பார்க்க, குழல் மட்டும் மிகச் சிறிதளவு மேல்நோக்கி இருக்கும்படி அமைக்கிறார்கள். அந்தச் சாய்வு 50 மீட்டருக்கு ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்குதான். 200 மீட்டருக்கு அரை டிகிரி ஆகிவிடும். கண்ணின் கோடு நேர்கோடு, தோட்டாவின் பாதை வளைகோடு. இரண்டும் இலக்கில் சந்திக்க வைப்பதே குறிபார்த்தல்.

இரண்டாம் படி: ஒரு மில்லிமீட்டர் பிழை

இது கணித ஆசிரியர்களுக்கு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்க. முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 50 மீட்டரில் தோட்டா எவ்வளவு விலகும்? வடிவொத்த முக்கோணங்கள் தரும் விடை 62.5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரம் 5.2 மில்லிமீட்டர்தான். மூச்சை நிறுத்தி, ட்ரிகரை மெல்ல அழுத்துவது ஏன் என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

பத்தாம் வகுப்பின் இயக்க விதிகளுக்கும் இது உதவும். துப்பாக்கியின் நிறை 5 கிலோகிராம் எனில், உந்த அழிவின்மை விதிப்படி அது பின்னோக்கி வினாடிக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும்.

மூன்றாம் படி: இலக்கைத் தவறினால்?

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தக் கேள்வியில்தான். பாடநூல் சூத்திரப்படி, 45 டிகிரி சாய்வில் எறிந்த பொருளின் பெரும வீச்சு என்பது வேகத்தின் இருமடியை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்துக் கிடைப்பது. நம் தோட்டாவுக்கு அது 11 கிலோமீட்டர் என வரும். உண்மையில் காற்றுத்தடையால் அது ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குள் விழுந்துவிடுகிறது; அதிகத் தூரம் தரும் சாய்வும் ஏறத்தாழ 30 டிகிரிக்குக் குறைகிறது. 'காற்றுத்தடை புறக்கணிக்கப்படுகிறது' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடக்கும் தொடர் எவ்வளவு பெரியது என்பதை மாணவர்கள் இங்கே உணர்கிறார்கள்.

ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் என்பதும் சிறு தூரமா? விளையாட்டுத் துப்பாக்கிகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்றின் அளவே இது. பாதுகாப்புப் படைகளின் துப்பாக்கித் தோட்டாக்கள் இதைவிடப் பலமடங்கு ஆற்றலுடன் மேலும் தொலைவு செல்பவை. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே உள்ள சுடுதளத்தில் படையினர் பயிற்சி எடுத்தபோது, தொலைவில் ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்தான். நம் மாணவர்கள் பலருக்கு இது தெரிந்த செய்தி. அவன் உறவினரும் நண்பரும் நம் வகுப்பறைகளிலேயே இருக்கலாம். ஆகவே பெயரையோ படத்தையோ கொண்டுவந்து பாடம் நடத்த வேண்டாம். மாணவர்களே பேச்சை எடுத்தால் பொறுமையாகக் கேளுங்கள்.

சுடுதளத்தின் பின்னால் உயர்ந்த மண்மேடு எதற்கு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 50 மீட்டருக்கு அப்பால் உள்ள மேட்டின் உச்சி, குழலைவிட 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்க. தொடுகோட்டு விகிதப்படி குழல் ஏறத்தாழ மூன்றரை டிகிரி உயர்ந்தாலே தோட்டா மேட்டைத் தாண்டிவிடும். அட்டவணையைப் பார்த்துக் கோணத்தைக் கண்டுபிடித்த பிறகு, பாகைமானியில் மூன்றரை டிகிரி எவ்வளவு சிறியது என்று காட்டுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். பாறையில் சாய்வாகப் படும் தோட்டா தெறித்துத் திசை மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாறைக் குன்றுகள் நிறைந்த நம் மாவட்டத்தில் மலை இருக்கிறது என்பது மட்டும் காவல் ஆகாது. தோட்டாவை உள்வாங்கும் மண்ணும் மணலும் வேண்டும்.

துப்பாக்கி இல்லாமல் செய்து பார்க்க

1. மேசை விளிம்பிலிருந்து ஒரு நாணயத்தைச் சுண்டிவிடுங்கள். அதே கணத்தில் இன்னொன்றைக் கீழே நழுவவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் ஓசையைக் கேட்கச் சொல்லுங்கள்.

2. 80 சென்டிமீட்டர் குச்சியில் லேசர் விளக்கைக் கட்டி, 8 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் படச் செய்யுங்கள். குச்சியின் ஒரு முனையை அசையாமல் பிடித்து, மறுமுனையின் கீழ் 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அட்டையைச் செருகினால் ஒளிப்புள்ளி 1 சென்டிமீட்டர் நகரும். ஒளி எவர் கண்ணிலும் படக்கூடாது.

3. சுடுதளங்களுக்கு அருகில் வாழும் மாணவர்களுக்கு: தோட்டாவோ வெற்றுக் கூடோ கண்டால் எடுக்கவும், தட்டிப் பார்க்கவும் கூடாது. இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பெரியவர்களிடமோ காவல் நிலையத்திலோ சொல்ல வேண்டும்.

துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் காட்டும் பிள்ளைகளை அச்சுறுத்தி விலக்க வேண்டியதில்லை. பயிற்றுநரின் கட்டளையின்றித் துப்பாக்கியைத் தொடக்கூடாது, குழலை ஆள்மீது திருப்பக்கூடாது என்பவையே சுடுதளத்தில் முதலில் கற்றுத்தரப்படும் பாடங்கள். அவற்றோடு நாம் இயற்பியல் வகுப்பிலிருந்து ஒன்றைச் சேர்த்து அனுப்புவோம்: தோட்டா எங்கே படும் என்று கணிக்கத் தெரிந்தவர், படாவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.