அக்ரிலிக் நகத்தைப் பிய்க்காதீர்கள்!

கல்யாணத்துக்காக ஆசையாக வைத்த அக்ரிலிக் நகம். இரண்டே வாரத்தில், சதையை ஒட்டிய இடத்தில் இடைவெளி தெரிகிறதா? விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்வதுதான் காரணம். பிய்த்து எடுத்தால், சொந்த நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்தே உரிந்துவிடும்.

டிசைனை மட்டும் மாற்ற, பழைய வண்ணத்தையும் தூக்கிய ஓரத்தையும் நெயில் ஃபைலால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். அக்ரிலிக் திரவத்தில் நனைத்த பிரஷ்ஷால் பவுடரைத் தொட்டு, சதையில் படாமல் இடைவெளியை நிரப்புங்கள். இறுகியதும் சமமாகத் தேய்த்துவிட்டு, புது டிசைன் வரையலாம்.

முழுதாக நீக்க, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினிய ஃபாயிலால் 20 நிமிடம் சுற்றுங்கள். இளகியதும் மரக்குச்சியால் தள்ளினால் போதும். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும்; அடுப்பருகே வேண்டாம். நகம் பச்சை நிறமானாலோ வலித்தாலோ, மறுபடி பூசி மறைக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.