ஒரு மைதானம், இரண்டு ஆட்டங்கள்

சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் இருக்கும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கை இன்றைய தலைமுறை கால்பந்துக்கும் தடகளத்துக்கும் உரிய இடமாகவே அறியும். ஆனால், டெஸ்ட் கிரிக்கெட்டில் 52 ஆண்டுகள் முறியடிக்கப்படாத சாதனை ஒன்று நிகழ்ந்த இடமும் அதுதான்.

1956 ஜனவரியில், நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் குவித்தனர். 2008-இல் தென் ஆப்பிரிக்க இணை அதைக் கடந்தது. அப்போது அந்த அரங்கின் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை அங்கு ஒன்பது டெஸ்ட் போட்டிகள் நடந்தன. இங்கிலாந்துக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா 1962-இல் உறுதிசெய்ததும், 1964-இல் பாபு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர்களை ரன் ஏதும் கொடுக்காமல் வீசியதும் அங்குதான்.

சேப்பாக்கம் இருக்கும்போது அங்கு ஏன் ஆடினார்கள்? அக்காலத்தில் சேப்பாக்கம் மைதானம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் என்ற தனியார் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. பழைய மக்கள் பூங்காவின் நிலப்பரப்பில் எழுந்த புதிய அரங்கமோ மாநகராட்சியின் சொத்து. இந்த வேறுபாடு பிற்பாடு பெரிதும் பயன்பட்டது.

1967 ஜனவரியில் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு மாநகராட்சி அரங்குக்கு டெஸ்ட் போட்டி வரவே இல்லை. ஆனாலும் அந்த இடம் பாழாகவில்லை. கால்பந்து அங்கே நிலைத்தது. 1993-இல் சுமார் 40,000 பேர் அமரும் வகையில் அரங்கம் புதுப்பித்துக் கட்டப்பட்டு, அவ்வாண்டே நேரு கோப்பைக் கால்பந்து நடந்தது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் வந்தன. 2014 முதல் சென்னையின் எஃப்சி அணி அதைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டது.

இரண்டு ஆட்டங்களும் ஒரே தரையில் நீண்டகாலம் சேர்ந்து வாழ்வது ஏன் கடினம்? முதலாவது, அளவு. சர்வதேசக் கால்பந்துத் திடல் ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம். கிரிக்கெட்டுக்கோ, ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு 59 முதல் 82 மீட்டர் வரை தள்ளியிருக்க வேண்டும். வட்டத்துக்குள் செவ்வகத்தை வைத்தால், கால்பந்து ரசிகர் ஆட்டத்திலிருந்து விலகிப்போகிறார். இரண்டாவது, மண். கிரிக்கெட் ஆடுகளத்துக்குக் களிமண்ணை உருளையால் இறுக்க வேண்டும். கால்பந்துக்கு மிருதுவான, சீரான புல்தரை வேண்டும். மூன்றாவது, பருவம். நம் நாட்டில் இரண்டுக்கும் முக்கியமான மாதங்கள் அக்டோபர் முதல் மார்ச் வரைதான்.

கொச்சி இதற்கு அண்மைச் சான்று. அங்குள்ள நேரு அரங்கில் 1998-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெண்டுல்கர் ஐந்து விக்கெட் வீழ்த்தினார். 2017-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அங்கே புல்தரை செம்மைப்படுத்தப்பட்டது. மறு ஆண்டு ஒருநாள் கிரிக்கெட்டுக்காக அதைத் தோண்டும் யோசனை எழுந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது; டெண்டுல்கரே கால்பந்தின் பக்கம் நின்றார். போட்டி திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஆடுகளத்தை வெளியே வளர்த்துப் பெயர்த்துக் கொண்டுவந்து பதிக்கிறார்கள். அது செல்வம் மிகுந்த சங்கங்களுக்கே கட்டுப்படியாகும்.

பொருளியல் நோக்கில் இதில் ஒரு பாடம் உண்டு. பல்நோக்கு அரங்கில் கிடைக்கும் சிக்கனம் கட்டுமான மதிப்பீட்டில் தெளிவாகத் தெரியும். தரையை மாற்றும் செலவும், நாள் கிடைக்காமல் காத்திருக்கும் நட்டமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றைப் பேரம் பேசும் வலிமையற்ற ஆட்டமே சுமக்கிறது. வருவாய் மிகுந்த ஆட்டம் சொந்த வீடு கிடைத்ததும் வெளியேறிவிடும். சென்னையில் கிரிக்கெட் சென்ற பிறகும் மற்ற ஆட்டங்களுக்கு இடம் மிஞ்சியதற்குக் காரணம், அந்த நிலம் பொதுச் சொத்தாக இருந்ததே.

சின்ன காஞ்சிபுரத்தில் வசிக்கும் எனக்குத் தறியின் கணக்கு பழக்கமானது. தறி ஓடாத நாள் நெசவாளிக்கு நட்டம். அன்று மாலையே வீட்டில் அது தெரிந்துவிடும். பூட்டிக் கிடக்கும் விளையாட்டரங்கின் நட்டமோ யார் கண்ணிலும் படுவதில்லை. பயிற்சிக்கு இடமின்றித் தெருவில் பந்து உதைக்கும் பிள்ளைகள் அதைக் கணக்குப் பார்த்துக் கேட்கப்போவதும் இல்லை.

சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு செயல்படுத்திவரும் வேளையில், இது சிந்திக்கத்தக்கது. எத்தனை ஆட்டங்களுக்கு இடமுண்டு என்று பெயர்ப்பலகையில் எழுதுவது எளிது. எந்த ஆட்டத்துக்கு எந்த நாள், தரையைப் பராமரிக்கும் பணம் யாருடையது, பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் என்பதை முன்கூட்டியே வகுத்து, அரங்கின் வாயிலில் எல்லோரும் காணும்படி எழுதிவைக்க வேண்டும். நிலம் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. நாட்களும் பொதுவாகப் பங்கிடப்பட வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).